மாப்பிள்ளை கையில் மைக்

அறிவாளி என்று காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்குத் தனியாக எதிரி தேவையில்லை. ஒரு சுயாதீனப் படத்தின் ஓசிப் பாஸ் போதும்.

எனக்கு நிச்சயம் ஆகி, மண்டபமும் பேசியாகிவிட்டது. மற்ற மாப்பிள்ளைகள் பெண்ணை மாலுக்குக் கூட்டிப்போவார்கள். நான் கவிதாவை அடையாறில் ஒரு சின்ன அரங்குக்குப் படம் பார்க்க அழைத்தேன் (அப்போது தாடி வேறு வைத்திருந்தேன்). கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தனியாக அனுப்புகிற வீடு இல்லை அது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர்கள். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் கூடவே வந்தார்கள்.

"குடும்பப் படமா மாப்ளே?" என்றார் மாமா.

"முழுக்கக் குடும்பம்தான் மாமா" என்றேன். பொய் சொல்லவில்லை.

மாமாவும் அத்தையும் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தில் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு சாப்பாட்டு மேசை. அவன் பேசவே மாட்டான். அவள் தட்டை வைப்பாள், எடுப்பாள். மாமா குறட்டை விடுவார் என்று பயந்தேன். அவர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். அத்தை மூக்கை உறிஞ்சினார். என் ரசனை இவர்களையும் தொட்டுவிட்டதே என்று பூரித்துப்போனேன்.

படம் முடிந்ததும் இயக்குநர் மேடையேறி, "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்றார். அத்தை கை தூக்கினார். மைக் வந்தது.

"கடைக்கு வார பொம்பளைகளுக்கு எல்லாம் இவுக சிரிச்சுச் சிரிச்சுச் சேலை விரிச்சுக் காட்டுவாக தம்பி. வீட்டுல ஒரு வார்த்தை பேசமாட்டாக. உங்க படத்துல வர்றவன் எவ்வளவோ தேவலை."

மாமா என் பக்கம் கையை நீட்டினார். மைக்கை வாங்கிக் கொடுத்தேன் (மாப்பிள்ளையாயிற்றே).

"இவ பேச விட்டாத்தானே நான் பேச?"

அத்தை கையை நீட்டினார். அப்புறம் மாமா. நான் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அரங்கம் கைதட்டியது. கடைசியில் மாமா மைக்கிலேயே அறிவித்தார்: "மொதல்ல எங்க கல்யாணத்துக்கு ஒரு முடிவு தெரியட்டும். பொறவு பிள்ளைக கல்யாணத்தைப் பாப்போம்."

கவிதா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஓசிப் பாஸில் கல்யாணத்தையே தொலைத்துவிட்டேனே என்று வீட்டுக்குப் போய் நிஜமாகவே அழுதேன்.

மறுநாள் அவள் போன் செய்தாள். "அப்பா கடையிலேர்ந்து அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துட்டு வந்திருக்காரு. கலர் நல்லாயில்லன்னு அம்மா சண்டை போடுறாங்க. அப்பா பதில் பேசுறாரு."

"அப்ப நம்ம கல்யாணம்?"

"நடக்கும். அந்தத் தாடியை மட்டும் எடுத்துடுங்க."

நடந்தது. இன்றும் அந்த வீட்டில் சண்டை வந்தால் என் இடம் நடுவில்தான். போன வாரம் எனக்கும் கவிதாவுக்கும் ஏதோ மனத்தாங்கல். அங்கே சாப்பிட உட்கார்ந்தவன் வாயே திறக்கவில்லை. அத்தை சாம்பார்க் கரண்டியைக் கழுவி மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"கருத்தைச் சொல்லுங்க மாப்ளே."