மல்லிக் கம்பவுண்டர்

சங்கரன்கோவிலில் மல்லி என்றால் பூ. பூ மார்க்கெட்டைத் தாண்டி வருகிற பஸ்கூட மணக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மல்லி என்றால் இலை, வேறெதுவும் இல்லை என்று இன்றுவரை அடம்பிடிக்கிற ஒரே ஆள் எங்கள் தெருக் கம்பவுண்டர்தான்.

அவருக்கு ஏதோ ஒரு பேர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அவர் மல்லிக் கம்பவுண்டர். ஒரு டாக்டரிடம் காலமெல்லாம் மருந்து கட்டிக் கொடுத்தவர். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். கம்பவுண்டருக்குத்தான் மருந்து கட்டுவதை நிறுத்தத் தெரியவில்லை. வீட்டைச் சுற்றி மீன் பெட்டி, ஓட்டை டிரம், கைப்பிடி போன குக்கர் என்று மண் கொள்ளும் எல்லாவற்றிலும் மல்லி, புதினா, கத்தரி, தக்காளி. மண்ணுக்காக இளையரசனேந்தல் வரை மொபெட்டில் போய்க் கரிசலை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். மல்லி விதையைச் செருப்புக் காலால் தேய்த்து, இரண்டாக உடைத்துத்தான் விதைப்பார். அந்தச் செருப்பு தனி. அதைப் போட்டுக்கொண்டு வேறெங்கும் போகமாட்டார்.

யார் கேட்டாலும் இலை தருவார், காசு வாங்கமாட்டார். ஆனால் என்ன வைக்கப் போகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பைக் ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டு, தனியாகப் பொங்கித் தின்ற காலத்தில் முதல்முறை போய் நின்றேன்.

“அண்ணாச்சி, ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை.”

“எதுக்குவே?”

“உப்புமாவுக்கு.”

“ரவையா, சேமியாவா?”

“சேமியா.”

“சேமியாவுக்கு எங்கிட்ட இலை இல்ல.”

அவருக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் நின்றுகொண்டிருந்தது.

சரியான பதில் சொன்னால் பேப்பரைக் கிழித்து, பவுடர் மருந்து மடிப்பதுபோல் ஓரம் மடக்கிப் பொட்டலம் தருவார். “அடுப்ப அணைச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போடணும். கொதிக்கும்போது போட்டேன்னு வை, நான் பொறுப்பில்ல” என்பார். மறுநாள் காலையில் வழிமறித்து விசாரணை நடக்கும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் மல்லியைக் குழம்பில் போட்டு வேகவிட்டாள். ஜன்னல் வழியாக வந்த வாசனையிலேயே அதைக் கண்டுபிடித்து, பதினைந்து நாள் அவளுக்கு இலையை நிறுத்திவிட்டார். ஒரு டம்ளர் நல்ல ரசம் கொடுத்தனுப்பிய பிறகுதான் அவளுக்கு மறுபடியும் பொட்டலம் கிடைத்தது.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது நூடுல்ஸ். “பாக்கெட்டுக்குள்ளயே மணத்தையும் வச்சு ஒட்டி அனுப்புதான். பெறவு எதுக்குவே என் இலை?” என்பார்.

பிறகு எனக்குக் கல்யாணமானது. மனைவி நாகர்கோவில் பக்கம். மூன்றாம் மாதம் மசக்கை அவளைப் படுக்கப் போட்டுவிட்டது. நாலு நாளாகச் சோறு, இட்லி, கஞ்சி எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றவேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு நடுக்கம். எனக்கு அவளைவிட அதிகம். அன்று சாயங்காலம் ஷோரூமில் இருந்தபோது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது: ‘வரும்போ மல்லி வாங்கிட்டு வாங்க.’

நாலு நாளில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள். தலைகால் புரியாமல் நாலு முழம் மல்லி வாங்கிக்கொண்டு ஓடினேன். அதைப் பிரித்ததுதான் தாமதம், அந்த மணம் தாங்காமல் குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“பூவ யாரு கேட்டா? மல்லி இலையாக்கும் கேட்டேன். நூடுல்ஸ் கிண்டி, அதுக்கு மேல நெறயத் தூவித் திங்கணும்போல இருக்கு.”

பூவையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். புரட்டாசி வெயிலில் மார்க்கெட் மல்லி மத்தியானமே சுருண்டுவிடும். கம்பவுண்டரை விட்டால் வழியில்லை. அவரிடமும் அப்போது ஒரே ஒரு பெட்டிதான் பிழைத்திருந்தது. பழைய சேலையைப் பந்தலாகக் கட்டிக் காப்பாற்றிய பெட்டி. வருகிற ஞாயிறு கம்பவுண்டர் போகிற சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலை ஆலயத்தில் படைத்துவிட்டுப் பிறகு ஏலம் விடுவார்கள். வருஷா வருஷம் அவர் கொண்டுபோவது ஒரு பெட்டி மல்லி. அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது.

“ரசத்துக்கு அண்ணாச்சி” என்றேன்.

“பருப்பு ரசமா, புளி ரசமா?”

“ரெண்டும்.”

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “ஏலே, கைல பூ, மூஞ்சில வேர்வை. உண்மையச் சொல்லு.”

மசக்கை, டிரிப்ஸ், பூ, நூடுல்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். நூடுல்ஸ் என்ற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எத்தன நாளாச்சு?”

“நாலு நாள்.”

“தண்ணியாவது வயித்துல நிக்கா?”

“இல்ல அண்ணாச்சி.”

இரண்டு இணுக்காவது கிள்ளித் தருவாரா என்று பார்த்தேன். அவர் குனிந்து, பெட்டியில் இருந்த அத்தனையையும் கொத்துக் கொத்தாக வேரோடு பிடுங்கினார். “அந்தப் பூவ இங்கனயே போட்டுட்டு வா” என்று எனக்கு முன்னால் நடந்தார்.

எங்கள் அடுப்படியில் அவரே நின்றார். மல்லி வேரைக் கழுவி நசுக்கித் தண்ணீரில் கொதிக்கவிட்டார். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி நூடுல்ஸை இரண்டு விரலால் பிடித்து உள்ளே போட்டார். மசாலாப் பொடியில் பாதிக்கு மேல் விடவில்லை. அடுப்பை அணைத்தார். வாட்ச்சைப் பார்த்தபடி நின்றார். இரண்டு நிமிஷம் ஆனதும், நூடுல்ஸ் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இலையைத் தூவினார்.

அவள் ஒரு வாய் தின்றாள். அப்புறம் இன்னொரு வாய். தட்டு காலியானது.

“கால் மணி நேரம் அசையாம இரு மக்கா” என்றார் கம்பவுண்டர். ஊசி போட்ட ஆளை உட்காரவைத்த பழக்கம். நானும் அவரும் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கால் மணி நேரம் போனது. அவள் எழுந்து ஓடவில்லை.

“இன்னும் கொஞ்சம் உண்டா?” என்று கேட்டாள்.

சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தட்டில் போட்டார். “இதெல்லாம் ஒரு சாப்பாடுன்னு திங்கியளே” என்று திட்டிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் டிரிப்ஸ் தேவைப்படவில்லை.

மிச்சக் கதையைச் சொன்னது எங்கள் ஷோரூம் மெக்கானிக். அவரும் அதே சர்ச்சுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசணியும் வாழைத்தாரும் சுமந்துகொண்டு வர, கம்பவுண்டர் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார்.

“என்ன அண்ணாச்சி, இந்த வருஷம் ஒண்ணும் படைக்கலியா?” என்று இவர் கேட்டாராம்.

“அதெல்லாம் முந்தியே குடுத்தாச்சுவே” என்றாராம்.

மெக்கானிக் சொன்ன அன்று சாயங்காலம், இலை எதுவும் கேட்காமல் அவர் வீட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.