வஜ்ர வீரன் சர்க்காரில் பெயர் பதிந்த நாள்

முகமூடி மாட்டிக்கொண்டவனுக்கு முதலில் மறந்துபோவது அவனுடைய சொந்த முகம்தான். எனக்கு மறந்துபோயிற்று. அதனால் வந்த மானக்கேட்டை மற்றவர்கள் கைகால் வைத்துச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். (எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. பிள்ளைகளா, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.)

அது அறுபதுகளின் நடுவில். பம்பாய் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தேன். வாரத்தில் ஆறு நாள் நான் சண்முகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வஜ்ர வீரன். பட்டறையில் கழித்துப்போட்ட கறுப்புத் தோலில் முகமூடி, முதுகில் சிவப்புத் துணி (படுக்கை விரிப்புதான்). மைதானத்தின் நடுவில் மல்லாந்து படுப்பேன். நெஞ்சின்மேல் ஒரு கருங்கல் பலகையை வைப்பார்கள். சம்மட்டியால் ஒரே அடி. கல் இரண்டாகப் பிளக்கும். நான் எழுந்து கையைத் தூக்குவேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "வஜ்ர வீரா!" என்று கூவும். தெருவில் நாய் துரத்தினாலும் என்னைத்தான் கூப்பிடும். (அந்த நாயைக் கண்டு நானும் சுற்றுவழியில் போவேன் என்பது அதுகளுக்குத் தெரியாது.)

சம்மட்டி அடித்தவள் பேச்சியம்மாள். அப்போது உங்கள் அம்மா ஆகியிருக்கவில்லை. ரோடு போடும் இடத்தில் கல்லுடைக்கிற பெண். எந்தக் கல்லை எந்த இடத்தில் தட்டினால் பிளக்கும் என்பது அவள் கைக்குத் தெரியும். அடி கல்லோடு நின்றுவிடும், என் நெஞ்சுக்கு வராது. அதாவது சக்தி அவளுடையது. படுத்திருந்தது மட்டும் நான். கைதட்டலோ முழுக்க எனக்கு.

அந்தச் சமயத்தில் எவனோ ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு சங்கிலி அறுத்துவிட்டான். உடனே ஓர் உத்தரவு வந்தது. முகமூடிக்காரர்கள், வித்தை காட்டுகிறவர்கள், விசேஷ சக்தி உள்ளவர்கள் எல்லாரும் தங்கள் சாமான்களோடு வந்து சர்க்காரில் பெயர் பதிய வேண்டும். பதியாதவர்களுக்கு மைதானம் கிடையாது.

நானும் பேச்சியும் சம்மட்டி, கல்லோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எனக்கு முன்னால் நின்ற தீ விழுங்கும் மாரியப்பன் முனகிக்கொண்டே திரும்பி வந்தான். மதுவிலக்குக் காலம் அல்லவா? வாயில் மண்ணெண்ணெய் தவிர வேறு எதையும் ஊற்ற மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"தீய முழுங்குவேன்னா நம்புதானுவ, வாயத்தான் நம்ப மாட்டேங்கானுவ" என்றான்.

என் முறை வந்தது. உள்ளே போகும்போது பேச்சி சொன்னாள்: "எம்பேரையும் எளுதிருங்க. மறந்துராதீய."

விண்ணப்பப் பாரம் நிரப்பியவர் மாதுங்காவிலிருந்து வரும் தமிழ்க் குமாஸ்தா.

"ஒத்தாசைக்கு யாராவது உண்டாப்பா?"

"ஒரு பொண்ணு உண்டு சார்."

"பொண்ணா? அப்போ தனி பாரம். அவ தோப்பனார் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ஒரு மாசம் ஆகும், பரவாயில்லையா?"

பேச்சியின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். போலீஸ் என்று சொன்னாலே ஊருக்கு ரயிலேறிவிடுவார். ஒரு மாதம் என்றால் நாலு ஞாயிற்றுக்கிழமை கூவல் இல்லை, கைதட்டல் இல்லை. நான் யோசித்தேன். (யோசித்தேன் என்பதுகூடப் பொய்.)

"யாரும் இல்லன்னு எளுதுங்க சார்."

"சக்தி யாரோடது?"

"முழுக்க என்னோடது."

கையெழுத்துப் போட்டேன். ஒரு சுழிகூடப் பிசகவில்லை. இன்றுவரை எனக்கு வெட்கம் அதில்தான்.

அதிகாரி மராட்டியர். பாரத்தைப் படித்து மகிழ்ந்துபோனார். சக்தி முழுக்க உன்னுடையது என்றால் யார் அடித்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாதே, காட்டு பார்க்கலாம் என்று இந்தியில் சொல்லி ஒரு ஹவல்தாரைக் கூப்பிட்டார். காலையில் குஸ்தி, மாலையில் குஸ்தி, நடுவில் உத்தியோகம் என்று இருப்பவர்போலத் தெரிந்தது. முற்றத்தில் என்னைப் படுக்கவைத்துக் கல்லை ஏற்றினார்கள். ஹவல்தார் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார்.

"டரோ மத், பூரா தாகத் லகாவுங்கா" என்று எனக்குத் தைரியம் சொன்னார். பயப்படாதே, முழுப் பலத்தையும் போடுகிறேன் என்று அர்த்தம்.

பேச்சி ஓடிவந்தாள். "சார், அடிக்கது நானாக்கும்!"

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரம்மா? ஒத்தாசைக்கு யாரும் இல்லேன்னு கையெழுத்தே போட்டிருக்கானே!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கல்தான் கனம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்மட்டி மேலே போயிற்று. வஜ்ர வீரன் கத்தினான்: "ஐயோ பேச்சீ! பொய் சார், எல்லாம் பொய்! சக்தி அவளோடது!"

எழுந்து ஓடலாம் என்றால் கல் விடவில்லை. கால்கள் மட்டும் சைக்கிள் மிதித்தன. முகமூடி நழுவி, கண்ணுக்கு வெட்டிய ஓட்டையில் மூக்கு வந்து நின்றது. வரிசையில் நின்ற அத்தனை வித்தைக்காரர்களும் சிரித்தார்கள். தீயையே விழுங்கும் மாரியப்பனுக்குச் சிரிப்பை விழுங்க முடியவில்லை.

பேச்சி போயிருக்கலாம். போகவில்லை. ஹவல்தாரின் கையிலிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டு, என் காதருகில் குனிந்தாள்.

"அடிக்கட்டுமா? இல்ல, நீங்க எளுதிக்குடுத்தபடி யாருமே இல்லன்னு போயிரட்டுமா?"

"அடி பேச்சி."

"எம்பேரு?"

"மொதல்ல ஒம்பேரத்தான் எளுதச் சொல்லுதேன். சத்தியமா!"

"மூச்ச இளுத்துப் பிடிங்க."

ஒரே தட்டு. கல் இரண்டாயிற்று. ஹவல்தார் இரண்டு துண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே பழைய பாரத்தைக் கிழித்தார். பொய் எழுதியதற்கு என்னை உள்ளே தள்ளியிருக்கலாம். சிரித்த வாயால் தள்ள மனம் வரவில்லை போலும். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். புதுப் பாரத்தில் வீரர் பெயர் பேச்சியம்மாள் என்று எழுதச் சொன்னார். அப்பாவின் கையெழுத்து? குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒத்தாசைக்கு வரும் பெண்ணுக்குத்தான் அது வேண்டுமாம். பெண்ணே வீரராக வந்தால் என்ன செய்வது என்று புத்தகத்தில் எழுதவே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்!

"இவனை ஒத்தாசைன்னு போடலாமா சார்?" என்று குமாஸ்தா அதிகாரியைக் கேட்டார். பிறகு அவரே, "என்ன ஒத்தாசை பண்றான்? படுத்துண்டுன்னா இருக்கான்" என்றார்.

அதிகாரி யோசித்துவிட்டு, பாரத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். குமாஸ்தா எழுதியதை உரக்கப் படித்தார்: "சாமான்கள். சம்மட்டி ஒன்று. கல் பலகை ஒன்று. ஆள் ஒன்று."

வீடு வரும்வரை பேச்சி சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். மறு ஞாயிற்றுக்கிழமை முகமூடியை அவள் மாட்டிக்கொண்டாள். நான் வெறும் முகத்தோடு படுத்தேன். முன்னைவிடக் கைதட்டல் அதிகம். இரண்டு வருஷம் கழித்து, இந்தச் சாமானை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தாள்.

இப்போதும் ஊருக்குப் புறப்படும்போது, ரயிலில் ஏறியதும் உங்கள் அம்மா விரல்விட்டு எண்ணுவாள். "பெட்டி ரெண்டு, கூஜா ஒண்ணு, தலகாணி மூணு..." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆளு ஒண்ணு" என்பாள். நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தக் கடைசிச் சாமானின் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதை விட்டதில்லை.