சிம்ம ராசி, கரி நட்சத்திரம்

அன்புள்ள தம்பி யுகேந்திரனுக்கு,

கிள்ளானிலிருந்து அக்கா லோகேஸ்வரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மெல்பர்ன் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன்.

ஆராய்ச்சி செய்கிறவன் ஆராய்ச்சியோடு நிற்கக்கூடாதா? வாணியின் ஆறாவது பிறந்தநாளுக்கு வீடியோ காலில் வந்து, “நீ சிம்ம ராசி, மாமா பாக்குற கார்பன் நட்சத்திரமும் சிம்மத்துலதான் இருக்கு, இனி அது உன்னோடது” என்று தாரைவார்த்துக் கொடுத்துவிட்டாய். மறுநாள் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றோம். ஐயர், “பேரு, ராசி, நட்சத்திரம்?” என்றார். நான் பூரம் என்று வாயெடுப்பதற்குள் உன் மருமகள், “கார்பன் நட்சத்திரம்!” என்று கத்தினாள். ஐயர் தட்டைக் கீழே வைத்து விரல்விட்டு எண்ணினார். “இருபத்தேழுல அப்படி ஒண்ணு இல்லையேம்மா?” பின்னால் வரிசையில் நின்ற ஆன்டிக்கு வாணியே விளக்கம் சொன்னாள்: “அது சாகப் போகுது ஆன்டி. மேல பூரா கரி.” “ஐயையோ, பச்சப்புள்ளைக்கா? சீக்கிரம் பரிகாரம் பண்ணிடு லா!” வீடு வந்து சேர்வதற்குள் காப்பாரிலிருந்து மாமியார் போன்: “புள்ளைக்கு நட்சத்திரம் சரியில்லையாமே?” ஊர் வாயை எப்படியோ அடைத்துவிடலாம். படுக்கும்போது வாணி, “அது செத்துட்டா நானும் செத்துருவேனாம்மா?” என்றாளே, அதை என்ன செய்வது?

பதில் தேடப் போய் நானே மாட்டிக்கொண்டேன். வயதான நட்சத்திரம் தன் வயிற்றில் வெந்த கரியை மேலே கொண்டுவந்து ஊதி ஊதி, கடைசியில் தன்னையே மறைத்துக்கொள்கிறதாம், புகைமூட்ட நாளில் நம் இரட்டைக் கோபுரம் காணாமல் போவதுபோல. நம் உடம்பில் இருக்கும் கரிகூட எப்போதோ ஏதோ ஒரு நட்சத்திரம் ஊதியதுதானாமே? அக்கவுண்டன்சி படித்தவளுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்! சரி, இதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஆகவே நாளையே போன் செய்து அதைத் திரும்ப எடுத்துக்கொள். நல்ல இளசாக, இப்போதுதான் பிறந்ததாக ஒன்று பார்த்துக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
அக்கா

பி.கு.: அனுப்புவதற்குள் விடிந்துவிட்டது. மாமா வேறு புது நட்சத்திரம் தருவார் என்று வாணியிடம் சொன்னேன். ஓவென்று அழுகை. “அப்ப அது கூட யாரும்மா இருப்பா?” அதனால் மாற்ற வேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடு. இப்போது சாவை விட்டுவிட்டு, அது ஊதுகிற கரி நம் பக்கம் வருமா என்று கேட்கிறாள். இன்றே பதில் போடு. அவள் பள்ளிக்குப் போய்விட்டாள், எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.