மூன்று வெட்டுச் சீட்டு

அவுன்ஸைப் போல உயிரை வாங்கும் மனிதன் பதுளையில் பிறந்ததுமில்லை, பிறக்கப்போவதுமில்லை. ஆஸ்பத்திரி மருந்தறையில் என்னோடு கம்பவுண்டர் வேலை பழகியவன். சாப்பாட்டுக் கடை ரசத்தையும் அளவு கிளாஸில் ஊற்றித்தான் குடிப்பான்; அதனால் வந்த பட்டப்பெயர்தான் அவுன்ஸ்.

"இன்னும் அரை அவுன்ஸ் ஊத்துங்க."

"ஒனக்குச் சோறு போடவா, மருந்து கலக்கவா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்குக் கம்பவுண்டர் என்றால் வெள்ளைக் கோட்டுதான். வேலை படிவதற்கு முன்பே தைத்துப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவுன்ஸிடம் கோட்டே கிடையாது. ஒவ்வொரு போத்தலையும் கண்ணெதிரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். அதற்குள் வரிசை அரசாங்கக் கச்சேரிக் கட்டடம் வரை நீண்டுவிடும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் போத்தலின் பக்கவாட்டில் காகிதச் சீட்டு ஒட்டுவோம். எத்தனை வேளையோ சீட்டின் ஓரத்தில் அத்தனை வெட்டு; ஒரு வேளைக்கு ஒரு வெட்டளவு குடிக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் தெமோதரைத் தோட்டத்துச் செல்லம்மாவின் குழந்தைக்கு அபின் சேர்த்த இருமல் மருந்து. ஆறு வெட்டுச் சீட்டுக்குப் பதிலாக நான் மூன்று வெட்டை ஒட்டிவிட்டேன். வேளைக்கு இரண்டு மடங்கு மருந்து!

"சீக்கிரம் குடுடா, கூட்டம் நிக்குது" என்று அவுன்ஸை அதட்டினேன். அந்த ஒரே தடவை அவன் பார்க்காமல் கொடுத்தான்.

மத்தியானம், மேசையில் மிஞ்சிக் கிடந்த ஆறு வெட்டுச் சீட்டைக் கண்டதும் கொட்டும் மழையில் தெமோதரைக்கு ஓடினான். குழந்தை ஒரு வேளை மருந்தைக் குடித்து, கண் செருகிக் கிடந்ததாம். கோப்பிச் சாயம் புகட்டி, தூங்கவிடாமல் தோளில் போட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நடந்துகொண்டே இருந்திருக்கிறான். குழந்தை பிழைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய அப்போதிக்கரி விசாரித்தார். நான் போத்தல்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன். "நான்தாங்க" என்றான் அவுன்ஸ். அன்றைக்கே அவனை விலக்கிவிட்டார்கள்.

"ஏன்டா, ஒட்டுனது நான்தானே?"

"ஒட்டுனது நீ. அந்தம்மா கையில குடுத்தது நான். பாத்துக் குடுக்குறதுதானேடா நம்ம வேல?"

மொனராகலையில் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டான். நான் கோழை. உண்மையைச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது. அப்போதிக்கரி என்னை முறைத்துப் பார்த்து, "அவனக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

மாட்டு வண்டி பிடித்துப் போனேன். காய்ச்சல் கண்டு செத்துப்போன அவனைப் புதைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அவரு ஒங்களுக்கு என்ன வேணுங்க?" என்று லயத்துக்காரர்கள் கேட்டார்கள்.

"கூடப் பொறந்தவன்" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.