வரவேற்பறையின் ஒற்றை ஆணி

ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் மாமியாரை இறக்கிவிடுவது என்று ருஷ்தி முடிவு செய்தார்.

சுவரிலிருந்துதான். மாமியார் ஃபவ்கிய்யா அடுத்த தெருவில் நலமாகவே இருந்தார். வெள்ளிதோறும் வந்து சாப்பிட்டுவிட்டு, தன் படத்தைத் தானே வியந்து பார்த்துவிட்டுப் போவார். இளவயதுப் படம். கன்னத்துக்கும் உதட்டுக்கும் ஸ்டூடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டியது. வரவேற்பறையில் ஆணி நிற்கும் இடம் அது மாட்டியிருந்த இடம் ஒன்றுதான். அலெக்ஸாந்திரியாவின் கடற்காற்றைக் குடித்து ஊறிய சுவர். வேறெங்கே அடித்தாலும் சுண்ணாம்புதான் கொட்டும்.

ருஷ்தியின் அப்பாவோ டிராம் ஓட்டுநர் சீருடையோடு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தார். போன பெருநாளுக்குத் தந்தா ஊரிலிருந்து வந்த அண்ணன் அப்துல் கஃப்பார் அதைப் பார்த்துவிட்டார். "அடுத்த பெருநாளுக்கு அப்பா சுவர்ல இல்லேன்னா, படத்தை நான் எடுத்துட்டுப் போயிடுவேன்டா!" அண்ணன் சொன்னால் சொன்னதுதான். இருக்கிறதே ஒரு படம். பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்.

"இன்ஸாஃப், பழைய படத்துக்கு வெளிச்சம் ஆகாதாம். உங்கம்மா ஹாஜ்ஜாவோட கன்னத்தைப் பாரு, எப்படி வெளுத்துப்போச்சு!"

மனைவி பூண்டு தட்டுவதை நிறுத்தவில்லை. "எங்கம்மா கன்னத்தை இவ்வளவு உத்துப் பார்த்தீங்களா?"

"அக்கறைதான். இருட்டுல, ஈரம் படாம, பெட்டிக்குள்ள வைக்கணும்."

"யாரை?"

"படத்தைம்மா!"

"யாரு சொன்னது?"

"டிவியில. மியூசியத்து ஆளு."

"அப்போ சரி. படிச்சவங்க சொன்னா கேட்டுக்கணும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதற்கும் உடனே சரி சொன்னதில்லை. ஆனால் அன்று மாலையே படம் இறங்கியது. ஆணி காலி.

"அப்போ... அப்பாவை மாட்டிடட்டுமா?"

"அவர் படம் இதைவிடப் பழசாச்சே. அதுக்கு வெளிச்சம் ஆகுமா?"

ருஷ்தி வெற்று ஆணியைத் தடவினார். "டிராம் ஓட்டினவரு. வெயிலெல்லாம் தாங்குவாரு."

"வேண்டாங்க. எங்கம்மாவுக்கு ஒரு நியாயம், உங்கப்பாவுக்கு ஒரு நியாயமா? எனக்கு மனசு கேக்காது."

டப்பாவிலிருந்த அப்பாவும் பெட்டிக்குப் போனார். நடுவே வெள்ளைத் தாள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள் இன்ஸாஃப்.

அந்த வாரம் முழுக்க ருஷ்தி வெற்று ஆணியைப் பார்த்துப் பார்த்தே இளைத்தார். சாவியைக் கேட்டால், "திறந்தா ஈரக்காத்து பூந்துடும்" என்றாள். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

பெருநாள் தொழுகை முடிந்து அண்ணனோடு படியேறினார் ருஷ்தி.

"அப்பா சுவர்ல இருக்காராடா?"

"அது வந்து அண்ணே... இந்த வெளிச்சம் இருக்கே..."

கதவு திறந்தது. ஆணியில் மாமியார் இருந்தார். முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக, தக்காளிக் கன்னத்தோடு. கீழே சோபாவில் அசல் மாமியார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பழைய படம் பெட்டியில பத்திரமா இருக்கு," என்றாள் இன்ஸாஃப். "இது ஸ்டூடியோவுல போட்ட நகல். வெளுத்தா இன்னொண்ணு போட்டுக்கலாம்."

"எங்கப்பா எங்கே?" அண்ணன் குரல் மாடிப்படி வரை கேட்டது.

இன்ஸாஃப் தங்கநிறச் சட்டம் போட்ட படம் ஒன்றை அவர் கையில் வைத்தாள். "உங்க வீட்டுச் சுவருக்கு, அண்ணே. இதுவும் நகல்தான். அசலை அலைக்கழிக்கக் கூடாதுன்னு உங்க தம்பி ஒரே பிடிவாதம்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் மீசைக்கு ஒரு முத்தம் வைத்தார். "இந்த வீட்டுல புத்தி இருக்கிறது உனக்கு மட்டும்தான்ம்மா."

ருஷ்தி மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தார். "எல்லாருக்கும் ஆச்சு. நான் எங்கப்பாவைப் பார்க்க வேண்டாமா?"

"தாராளமா பாருங்க." சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

புதுச் சட்டையோடு கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய்ப் பெட்டியை இழுத்துத் திறந்தார் ருஷ்தி.

அங்கேயும் மாமியார்தான் மேலே இருந்தார்.