டர்போ ஆறும் வரை

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனுக்குக் கெட்ட பெயர் வராது என்பார்கள். எனக்கு வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் நான் டிரைவர். முதலாளியின் பழைய பெட்ரோல் கார் என் கையில் இருக்கும். டர்போ கிடையாது. தானாக இழுக்கிற காற்றில் ஓடும் சாதா எஞ்சின். எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு போகும். எனக்கும் அதற்கும் ஒத்துப்போனது. ஒரே குறை, டிக்கியில் எப்போதும் தோல் சாம்பிள் கிடக்கும். வாசனை (மரியாதைக்கு வாசனை என்கிறேன்) சீட்டுக்குள் இறங்கிவிட்டது.

எனக்குப் பெண் பார்க்க வேலூர் சத்துவாச்சாரிக்குப் போக வேண்டும். பெண் நர்ஸ், பெயர் எஸ்தர். அதற்கு முன் பார்த்த இடம் எதுவும் அமையவில்லை. ஒரு வீட்டில் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுவும் போச்சுன்னா இனிமே உனக்குப் பொண்ணு தேட மாட்டேன்டா கிருபா" என்றாள் என் அக்கா மேரி. "அந்த நாத்தம் புடிச்ச வண்டியில நான் ஏறவும் மாட்டேன்."

முதலாளியின் மகன் சின்ன பாய் புது வண்டி வாங்கியிருந்தார். சிவப்பு. பின்னால் இறக்கை. எஞ்சின் சின்னது, ஆனால் டர்போ. (புகை தள்ளும் வேகத்தில் சுற்றுகிற காற்றாடி அது. எஞ்சின் வாயில் காற்றைத் திணிக்கும். ஊட்டிவிட்டு வளர்த்த பிள்ளை மாதிரி.) கேட்டேன். சாவியைக் கொடுத்தார். பாடமும் எடுத்தார்.

"அண்ணே, இது உங்க வண்டி மாதிரி இல்ல. மிதிச்சா ஒடனே போவாது. கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் பிச்சிக்கும். ஜாஸ்தி மிதிக்காதீங்க."

"சரி."

"நிறுத்தினதும் ஆஃப் பண்ணாதீங்க. டர்போ கொதிச்சிட்டு இருக்கும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க. ஓடற வண்டிய விட்டு எறங்கவும் கூடாது. இன்னா?"

"சரி."

நெடுஞ்சாலையில் நாற்பதைத் தாண்டவில்லை. விரிஞ்சிபுரம் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எங்களை முந்தியது. டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இதுக்கு எதுக்குடா இறக்கை?" என்றாள் அக்கா.

பெண் வீட்டு வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பெண்ணின் அப்பா ரிடையர்டு வாத்தியார். அவரே வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். அக்கா அந்தப் பக்கம் இறங்கினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி, வாங்க."

"வர்றேன்" என்றேன். போகவில்லை.

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் பெண்ணின் அத்தை, "மாப்ள முறுக்கு ஆரம்பிச்சாச்சு. வாசல்லயேவா?" என்றார்.

வாத்தியார் குனிந்தார். "ஏதாச்சும் கொறையா தம்பி? வாட்ச், மோதிரம்னு ஆசை இருந்தா சொல்லிடுங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப எறங்குங்களேன்."

"இப்ப முடியாது."

(விளக்கிச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் வரும். நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அக்கா ஜன்னல் வழியாகக் கையைவிட்டுக் கிள்ளினாள். "டேய், இன்னாடா பேஜார் பண்றே!"

அப்போதுதான் பின்னால் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. வழிவிட வேண்டும். கியரைப் போட்டு மிதித்தேன். அசையவில்லை. என் பழைய வண்டியை மிதிப்பது போல இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அசையவில்லை. முழுக்க மிதித்தேன்.

அதற்குள் அது யோசித்து முடித்துவிட்டது.

வாத்தியார் கையிலிருந்த கதவு பிடுங்கிக்கொண்டு தானே சாத்திக்கொண்டது. விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பம்பரில் மாட்டி என்னோடு வந்தது. பின்னால் அத்தையின் குரல்: "மாப்ள ஓடறான்! அய்யோ, சேரோட ஓடறான்!"

தெருக்கோடியில் நிறுத்தினேன். ஆஃப் பண்ணக் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன். இப்போது நிஜமாகவே கொதித்திருக்கும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பட்டுப்புடவையில் ஒரு பெண் தெருவில் தனியாக நடந்து வந்தாள். முதலில் நாற்காலியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஓடறதுன்னா முழுசா ஓடணும். பாதியில இன்னாத்துக்கு நின்னீங்க?"

"ஓடல."

"அப்ப எறங்குங்க."

"டர்போ ஆறணும். ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள ஆஃப் பண்ணா கெட்டுடும். அடுத்தவங்க வண்டி." (அன்றைக்கு நான் பேசியதில் அதுதான் நீளம்.)

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். "மாடி ஏறி மூச்சு வாங்கிட்டு வர்ற பேஷண்டுக்கு ஒடனே பிபி பாக்க மாட்டோம். கொஞ்ச நேரம் உக்கார வெச்சிட்டுதான் பாப்போம். அது மாதிரியா?"

"அது மாதிரிதான்."

"இத எங்கப்பாகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"டர்போ பத்தி அவர் கேக்கல."

சிரித்துவிட்டாள். சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "ஆறட்டும். ஏசி இருக்கா?"

போட்டேன்.

தெருவே வந்து சூழ்ந்துகொண்டது. காப்பிகூடக் கொடுக்கவில்லை, பெண் மாப்பிள்ளையோடு காரில் உட்கார்ந்திருக்கிறாள். "இனிமே பேச இன்னா இருக்கு?" என்றார் அத்தை. வாத்தியார் கையைக் கூப்பினார். "ஜெபம் பண்ணிடலாம்" என்றார். காரைச் சுற்றி நின்றே பண்ணினார்கள். நானும் கண்ணை மூடினேன். ஒரு கண்ணை மட்டும் கடிகாரத்துக்காகத் திறந்து வைத்திருந்தேன். ஆமென் சொன்னதும் ஆஃப் பண்ணினேன்.

மறுநாள் சின்ன பாயிடம் சாவியைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பதுலயா போனீங்க? அப்ப போனதும் ஆஃப் பண்ணிருக்கலாமே அண்ணே! வெரட்டி ஓட்டினாதான் ஆறவெக்கணும்."

"சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

இப்போது வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் யாரும் சமாதானம் செய்வதில்லை. "விடுங்க, ரெண்டு நிமிஷத்துல ஆறிடும்" என்று எஸ்தர் ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மாமனார் அதற்கும் மேல். நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கப் பார்த்தாலும் வாசலிலிருந்தே டிரைவரிடம் கத்துகிறார்: "வண்டிய ஒடனே ஆஃப் பண்ணிடாதப்பா, ரெண்டு நிமிஷம் ஆவாம எங்க மாப்ள எறங்க மாட்டாரு!" காப்பி ஆட்டோவுக்கே வருகிறது.

ஆட்டோ சாதா எஞ்சின்தான். நான் சொல்வதில்லை. குடித்துவிட்டு இறங்குகிறேன்.