குண்டு பல்புக்கு எதிரி

நம் நாட்டில் மின்சாரக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. மின்வாரியத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாட்டில் மின்சாரம் போதவில்லை, நிலக்கரி தீர்ந்துகொண்டு வருகிறது என்று டி.வி.யில் சொன்ன மறுநிமிஷம், அந்த டி.வி.யை மட்டும் விட்டுவிட்டு வீட்டிலுள்ள மற்ற எல்லாவற்றையும் அணைக்க எழுந்து ஓடுகிறவர்கள் இவர்கள். தேசத்தின் பாரம் முழுவதும் தங்கள் ஆள்காட்டி விரலில் வந்து இறங்கியிருப்பதாக நம்புகிறவர்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நாகலூர் சென்றாயனையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்து ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். மேய்க்க ஆள் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் பற்றாக்குறை வந்து சேர்ந்தது. ஆனால் சேமிக்கலாமென்று பார்த்தால் வீட்டில் என்ன இருக்கிறது? மலைமேல் ஏ.சி. எதற்கு? ஃபேன் மாட்டக் கொக்கி இருக்கிறது, ஃபேன் இல்லை. ஒரு வீரனுக்கு இப்படியா போர்க்களம் வாய்க்க வேண்டும்! ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக உட்கார்ந்துகொண்டு, சேலத்திலிருக்கிற மச்சானுக்குப் போன் போட்டு, "ஏ.சி.ய இருவத்தாறுக்குக் கீழ எறக்காதீங்க மச்சான், நாடு தாங்காது" என்று புத்தி சொன்னார்.

பிறகு வீட்டுக்குள் இறங்கினார். மூன்று மணிக்கே மூடுபனி வந்து வீடு இருண்டுவிடும். காலேஜில் படிக்கிற மகள் கவிப்பிரியா லைட்டைப் போடுவாள், இவர் அணைப்பார், அவள் போடுவாள், இவர் அணைத்துவிட்டு, "வெளிச்சமெல்லாம் இருக்குது கண்ணு, கண்ண நல்லாத் தொறந்து படி" என்பார். சட்னி பாதி அரைபடும்போதே மிக்ஸி பிளக்கைப் பிடுங்குவார். தன் செல்போனில் சார்ஜ் தீர்ந்தால் பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் கொண்டுபோய், "செத்த நேரம் போட்டு வைங்க" என்று கொடுப்பார். மாதம்மாள் வீட்டில் ஓடுவது வேறு நாட்டுக் கரண்ட் போலிருக்கிறது. கோபியின் மளிகைக் கடைக்கும் போய், இனிமேல் குண்டு பல்பை விற்பது தேசத் துரோகம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

கீசரா? அது அப்படியல்ல. காலையில் இருபத்தைந்து நிமிஷம் ஆவி பறக்கக் குளித்துவிட்டு வந்து, "இந்தக் குளுருக்கு வேணுமில்ல? அது அவசியம்" என்பார். இந்த இனத்தின் வேதமே இவ்வளவுதான். அடுத்தவர் எரிப்பது வீண், நாம் எரிப்பது அவசியம்.

இப்படி இருக்கையில், அடையில் உட்கார்ந்திருந்த கோழியைப் பன்னிரண்டாம் நாள் கீரி கவ்விக்கொண்டு போய்விட்டது. அவர் மனைவி ராசாத்தி பெயர் வைத்துக் கூப்பிட்டு, மடியில் போட்டு வளர்த்த கோழி. அழுதாள். அழுதுகொண்டே பதினொரு முட்டையையும் தெர்மாகோல் பெட்டியில் பஞ்சு போட்டு அடுக்கி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். அது போனாலும் அதன் குஞ்சுகளாவது பிழைக்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

"ஏனுங்க, இன்னும் ஒம்பது நாள். இத மட்டும் அணைச்சுப்போடாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அணைக்கல புள்ள, சத்தியமா" என்றார் சென்றாயன்.

சத்தியம் செய்தவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நட்ட நடுப் பகலில் ஒரு குண்டு பல்பு! அறுபது வாட்டு! மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாலாம் நாள் காலையில் ராசாத்தி பஸ் ஏறிச் சந்தைக்குப் போனதும், அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அணைக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? மாற்றக் கூடாது என்று சொன்னாளா? குண்டு பல்பைக் கழற்றி, ஒன்பது வாட்டு எல்.இ.டி.யை மாட்டினார். ஆகா, எவ்வளவு வெளிச்சம்! சத்தியமும் காப்பாற்றியாயிற்று, நாடும் பிழைத்தது. எதிரி திரும்பி வந்துவிடக் கூடாதென்று குண்டு பல்பைக் குப்பைக் குழியில் போட்டு உடைத்தும்விட்டார். புத்திசாலிகள் அரைகுறையாக எதையும் செய்வதில்லை.

மத்தியானம் ராசாத்தி வந்து பெட்டிக்குள் கையை விட்டாள். முட்டையெல்லாம் சில்லென்று இருந்தது.

"அணைக்கவே இல்ல புள்ள, எரியுது பாரு" என்றார் இவர்.

"எரிஞ்சாப் போதுமாங்க? சூடு எங்கீங்க? அதுங்களுக்கு என்ன, படிக்கவா வெளிச்சம் வெச்சேன்?"

சென்றாயன் கோபி கடைக்கு ஓடினார். மூச்சிரைக்கக் குண்டு பல்பு கேட்டார். கோபி அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்கதானுங்களே விக்காதீன்னு சொன்னீங்க? இருந்ததெல்லாம் திருப்பிக் குடுத்துட்டனுங்க." ஏற்காடு டவுனுக்குக் காலேஜ் போயிருந்த மகளுக்குப் போன் போட்டார். ஐந்து மணி பஸ்ஸில் வாங்கி வருவதாகச் சொன்னாள். ஐந்து மணி வரைக்கும்?

"உக்காருங்க" என்றாள் ராசாத்தி. குரங்குக் குல்லாயைப் பிடுங்கி, அதில் முட்டைகளை வைத்து, அவர் வயிற்றோடு சேர்த்து ஸ்வெட்டருக்குள் தள்ளி, மேலே கம்பளியைப் போர்த்தினாள். "அசஞ்சீங்கன்னாத் தெரியும் சேதி."

முப்பது வருஷம் ஆட்களை நிற்க வைத்தவர் அசையாமல் உட்கார்ந்தார். ராசாத்தி வாசல் லைட்டைப் போட்டாள், கூடத்து லைட்டைப் போட்டாள், யாருமில்லாத அறையின் லைட்டையும் போட்டாள், கீசரையும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஸ்விட்ச் நாலடி தூரத்தில். எழுந்தால் முட்டை உருளும். பகல் நேரத்தில் வாசலில் பல்பு எரிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மின்சாரக் காவலர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்றால் சும்மாவா?

மாதம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க ரைட்டரே, காச்சலுங்களா?"

"இல்லீங்க... அடை காக்கறேன்."

அவள் சிரிப்பு நாகலூர் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. சென்றாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றோடு ஒட்டிக் கிடந்த முட்டைகள் மெல்ல மெல்லத்தான் சூடேறின. அய்யோ, கொன்றுவிட்டோமோ என்று கம்பளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாட்டைக் காப்பாற்றப் புறப்பட்டதிலிருந்து அவர் உண்மையாகப் பயந்தது அன்றைக்குத்தான்.

மகள் பல்பு கொண்டுவந்தாள். ஐந்து நாள் கழித்து ஏழு குஞ்சுகள் பொரித்தன. நாலு முட்டை அப்படியே கிடந்தது. அந்த நாலையும் ராசாத்தி காப்பிச் செடியடியில் புதைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

சரி, சென்றாயனை விடுங்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இந்த நிமிஷம் வீணாக எரிவது எது? உடனே பதில் வந்திருக்குமே! அது உங்கள் மனைவியுடையதா, மகனுடையதா, மாடி வீட்டுக்காரருடையதா? எதுவானாலும் சரி, உங்களுடையது இல்லைதானே? அப்படியானால் வாருங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன், இங்கே இன்னோர் ஆளுக்கும் இடம் இருக்கிறது.